மஞ்சள் சட்டைக்குள் யார்?

2022 மார்ச்சில் சிட்னிக்கு மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுப் புதுச்சேரி திரும்பினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சார், அங்கே என்னென்ன பார்த்தீங்க? ஓபரா ஹவுஸ் பார்த்தேன், ஹார்பர் பாலத்தில் நடந்தேன், நீலமலைக்கு ஒரு நாள் கூட்டிப் போனார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் அதிக நேரம் பார்த்தது விக்கிள்ஸைத்தான். மூன்று வயதுப் பேத்தி இருக்கிற வீட்டில் தொலைக்காட்சி யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விக்கிள்ஸ் என்பது ஆஸ்திரேலியாவின் பாட்டுக் குழு. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்காகவே பாடுகிறவர்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், ஊதா என்று ஆளுக்கொரு நிறத்தில் கழுத்து மூடிய முழுக்கைச் சட்டை. அதை அங்கே ஸ்கிவ்வி என்கிறார்கள். ஒரு பாட்டு சூடான உருளைக்கிழங்கைப் பற்றி. ஒரு பாட்டு பழங்களை நறுக்கிக் கலப்பதைப் பற்றி. ஒன்றில் நாலு பேரும் சிவப்புக் காரில் போகிறார்கள். கூடவே ரோஜாப்பூவைத் தின்னும் பச்சை டைனோசர், ஒரு நாய், ஒரு ஆக்டோபஸ், இறகை வாளாக வைத்திருக்கும் ஒரு கடற்கொள்ளைக்காரர். இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் குதி குதியென்று குதிக்க வேண்டும். பேத்தி குதிப்பாள், தாத்தா சோபாவில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டுவேன். மூட்டுவலிக்காரனுக்கு அவள் கொடுத்த சலுகை அது.

இரண்டாம் வாரத்திலேயே எனக்கு ஒரு குழப்பம் வந்தது. யூடியூபில் ஒரு பாட்டில் மஞ்சள் சட்டை போட்டவர் வாட்டசாட்டமான ஒரு ஆண். அடுத்த பாட்டில் மஞ்சள் சட்டையில் வேறொரு ஆண். அதற்கடுத்ததில் தலையில் பெரிய ரிப்பன் கட்டிய ஒரு பெண். இன்னொன்றில் சுருட்டை முடியோடு பதினைந்து, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. நான் பேத்தியிடம் கேட்டேன். அவளுக்குக் குழப்பமே இல்லை. "அங்கிள் எல்லோ, ரிப்பன் எல்லோ, அக்கா எல்லோ. எல்லாம் எல்லோதான் தாத்தா" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவனுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. மஞ்சள் என்பது ஆளின் பெயரல்ல, பதவியின் பெயர். ஆள் மாறுவார், பணியிடம் இருக்கும். அந்தப் பணியிடத்தின் கோப்பைப் புரட்டிப் பார்க்கும் ஆசை அப்போதுதான் வந்தது. மகன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும், பிறகு ஊருக்கு வந்தபின் 2023-இல் வெளியான ஆவணப்படத்திலும் பார்த்ததைச் சேர்த்து எழுதுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் கூத்தும் கும்மாளமும்தான் தெரிகிறது. கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒரு சாவு இருக்கிறது.

1980-களில் சிட்னியில் காக்ரோச்சஸ் என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. கரப்பான் பூச்சிகள்! மதுக்கூடங்களிலும் கல்லூரி விழாக்களிலும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்கள். ஃபீல்ட் குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். பால் பாடுவார், ஜானும் ஆன்டனியும் கிதார். கீபோர்டு வாசித்தவர் ஜெஃப் ஃபாட் என்ற சீன வம்சாவளி ஆஸ்திரேலியர். 1987-இல் அவர்கள் பாட்டு ஒன்று நாடு முழுதும் ஓடியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1988-இல் பாலின் பெண் குழந்தை தூக்கத்திலேயே இறந்துவிட்டது. பெர்னாடெட் என்று பெயர். ஒரு வயதுகூட நிறையவில்லை. நோயில்லை, காய்ச்சலில்லை. படுக்க வைத்த குழந்தை எழுந்திருக்கவில்லை. 'சிட்ஸ்' என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்ச் சாவு. அந்தக் காலத்தில் பல நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெற்றோரிடம் பிரச்சாரம் செய்யத் தொடங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். அதன்பின் இந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பாலின் குழந்தைக்கு அந்தப் பிரச்சாரம் இரண்டு, மூன்று வருடம் பிந்திவிட்டது.

அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு பழையபடி ராத்திரி ராத்திரியாக மேடையேற முடியவில்லை. குழு மெல்ல கலைந்தது. தம்பி ஆன்டனி சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் எடுத்த பாடம் சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பக் கல்வி. ராக் குழுவில் கிதார் வாசித்த வாலிபன், வகுப்பு நிறையப் பெண்கள் படிக்கும் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் குழந்தையின் சாவுதான் அவரை அங்கே அனுப்பியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு மனிதன் ஏன் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறான் என்பது விண்ணப்பத்தில் இருக்காது. ஆனால் 1991-இல் வந்த முதல் இசைத்தட்டை அந்தக் குழந்தையின் நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார்கள்.

அந்த வகுப்பில் மரே குக் என்ற இன்னொரு கிதார்காரரும் படித்தார். காக்ரோச்சஸுக்குச் சாமான் தூக்கி, மேடை அமைத்து, கடைசிக் காலத்தில் கொஞ்சம் பாடவும் செய்த கிரெக் பேஜ் என்ற இளைஞரையும் ஆன்டனி அதே படிப்புக்கு இழுத்தார். ஃபிலிப் வில்ச்சர் என்ற இசையமைப்பாளரும் ஆரம்பத்தில் கூட இருந்தார், சீக்கிரமே பிரிந்துபோனார். ராக் சத்தம் வேண்டுமே, கீபோர்டு வேண்டுமே என்று பழைய நண்பர் ஜெஃப்பைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிப் படிக்காதவர் அவர் ஒருவர்தான்.

செலவு சுமார் 4,000 ஆஸ்திரேலிய டாலர். பழைய காக்ரோச்சஸ் பாட்டுகள் சிலவற்றை எடுத்து, காதலியை உருவிவிட்டு, அந்த இடத்தில் டைனோசரையும் கரடி பொம்மையையும் வைத்தார்கள். விக்கிள்ஸ் என்ற பெயரே பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். தட்டை வெளியிட்டது அந்நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. என் மனத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. இவர்கள் பாட்டை மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, ஏன் இந்த அசைவு, ஏன் இந்தச் சொல் என்று கட்டுரை கட்டுரையாக எழுதி ஒரு கோப்பில் போட்டுச் சேர்த்துக் கொடுத்தார்களாம். கல்லூரிப் பாடத்துக்குச் செய்யும் வேலை மாதிரி. கேட்டதும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. குறிப்பு இல்லாத கோப்பு எந்த மேஜையையும் தாண்டாது என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இவர்கள் படித்த பாடத்தில் ழான் பியாஜே கட்டாயம் இருந்திருப்பார். சுவிட்சர்லாந்துக்காரர், எழுதியது பிரெஞ்சில். குழந்தையின் பேச்சையும் சிந்தனையையும் பற்றிய அவருடைய முதல் புத்தகம் 1923-இல் வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் எடுத்துப் படித்தேன், பாதிக்கு மேல் போகவில்லை. புரிந்த வரை சொல்கிறேன். சின்னக் குழந்தைக்கு உலகம் தன்னைச் சுற்றியே இருக்கிறது. அது சுயநலம் இல்லை. எதிரே இருப்பவர் வேறு இடத்திலிருந்து பார்க்கிறார் என்பதே அதற்குத் தெரியாது. பெரியவர் தனியாகப் பேசிக்கொண்டே போனால் குழந்தை கழன்றுவிடும். அதனால்தான் விக்கிள்ஸ் கேமராவுக்கு மிக அருகே வந்து நேராகக் கண்ணைப் பார்க்கிறார்கள். 'நாங்கள் ஆடுகிறோம், பாருங்கள்' என்று இருக்காது. கையைத் தூக்கு, தலையைத் தொடு, இப்போது குதி. கதை இல்லை, உபதேசமும் இல்லை.

இதில் ஜெஃப்பின் தூக்கம் ஒரு தனி வித்தை. நிகழ்ச்சி நடுவே ஊதாச் சட்டைக்காரர் நின்றபடியே தூங்கிப்போவார். மற்ற மூவரும் பிள்ளைகளைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்வார்கள். அரங்கமே 'எழுந்திரு ஜெஃப்' என்று கத்தும். அவர் திடுக்கிட்டு விழிப்பார். முப்பது வருடமாக இதே நகைச்சுவை. முதலில் எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. பேத்தியின் முகத்தைப் பார்த்தபிறகு தெரிந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை எழுந்திரு, தூங்கு, சாப்பிடு, பல் தேய் என்று ஏவப்படுகிற ஜீவன் அது. ஒரு நாளில் ஒரே ஒரு தடவை, ஒரு பெரிய மனிதரை அது எழுப்புகிறது, அவரும் எழுந்துவிடுகிறார். (என்னையும் மத்தியானத் தூக்கத்தில் அப்படி எழுப்பிப் பார்த்தாள். நான் ஜெஃப் அளவுக்கு நல்லபடியாக எழுந்திருக்கவில்லை.)

எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையா என்றால், இருந்தது, வேறு மாதிரி. ஐம்பதுகளின் நடுவில் புதுவையில் மசேர்கள் நடத்திய சின்னப் பள்ளியில் எங்களை வரிசையாக நிற்க வைத்து 'சவே வூ பிளாந்தே லே ஷூ' பாடச் சொல்வார்கள். 'ஷூ' என்றால் பிரெஞ்சில் முட்டைக்கோஸ். கோஸ் நடத் தெரியுமா என்று கேட்கும் பாட்டு. விரலால் நடு, காலால் நடு, மூக்கால் நடு என்று அபிநயம் பிடிக்க வேண்டும். கோஸ் எப்படி விளைகிறது என்று எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை. 'ஷூ' என்றால் போட்டுக்கொள்ளும் ஷூ என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதை மூக்கால் எப்படி நடுவது என்று கவலைப்பட்டேன். பாட்டு நல்ல பாட்டுதான், வரிசை கலைந்தால் மசேர் கையிலிருந்த அளவுகோல் முட்டியில் விழும். வீட்டுக்கு வந்தால் பாட்டியின் மடியில் கைவீசம்மா, சாய்ந்தாடம்மா. அதற்கு அளவுகோல் கிடையாது. விக்கிள்ஸ் செய்தது பாட்டி மடி வேலைதான், பின்னால் மட்டும் மின்சாரக் கிதார்.

ஆஸ்திரேலியாவிலும் அவர்கள் முதல் ஆட்களல்ல. பிளே ஸ்கூல் என்ற பாலர் நிகழ்ச்சி ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1966-இலிருந்து வருகிறது. எண்பதுகளில் பீட்டர் கோம்ப் பிள்ளைகளுக்காகப் பாடிப் பெயர் வாங்கியவர். விக்கிள்ஸ் புதிதாகக் கொண்டுவந்தது ஒரு ராக் குழுவின் உழைப்பை. காக்ரோச்சஸ் மாதிரியே வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பிறந்தநாள் விழா, கடைவீதி, பாலர் பள்ளி என்று எதையும் விடவில்லை. ஆன்டனியும் மரேயும் முதலில் ஆசிரியர் வேலையிலும் இருந்ததால் பள்ளி விடுமுறையில்தான் வெளியூர். பால் ஃபீல்டே, அதாவது குழந்தையைப் பறிகொடுத்த அந்த அண்ணனே, பிறகு குழுவின் நிர்வாகியாகப் பல வருடம் நின்று நடத்தினார். ஜான் பாட்டு எழுதிக் கொடுத்தார்.

1997-இல் ஒரு சினிமா. அதற்கடுத்த வருடம் சொந்தச் செலவில் எடுத்த தொலைக்காட்சித் தொடர். அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே பிள்ளைகளின் ராஜா பார்னி என்ற ஊதா டைனோசர். பார்னியின் மேடை நிகழ்ச்சிகளின் இடைவேளையில் இவர்கள் பாடினார்கள். இடைவேளைக்குப் பாடப் போனவர்கள் 2003-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 12 காட்சிகளுக்கு டிக்கெட்டை விற்றுத் தீர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதிகம் சம்பாதிக்கும் கலைஞர்கள் பட்டியலில் தொடர்ந்து நான்கு வருடம் முதலிடம். ஹாலிவுட் நட்சத்திரங்கள் உள்ள நாட்டில்! பணக் கதை இத்துடன் போதும்.

அந்தச் சம்பாத்தியம் உடம்பை விற்று வந்தது. வருடத்தில் பல நூறு காட்சிகள். ஒரே நாளில் இரண்டு, மூன்று தடவை சிரித்துக்கொண்டே குதிக்க வேண்டும். சிரிப்பு ஒரு நொடி குறைந்தாலும் முன்வரிசைக்கு மூன்று வயது. அது கண்டுபிடித்துவிடும். ஆன்டனிக்குத் தீராத முதுகுவலியும் மனச்சோர்வும். அதைப் பற்றி அவரே புத்தகம் எழுதினார். ஜெஃப்புக்கு 2011-இல் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கிரெக்தான் முதலில் விழுந்தவர். மயக்கம், சோர்வு, நாக்குக் குழறல், நின்றால் தலைசுற்றல். என்ன நோயென்றே நெடுநாள் தெரியவில்லை. நின்ற நிலையில் உடம்பின் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பமைப்பில் கோளாறு என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். நிற்க முடியாத நோய், குதிப்பதே தொழிலான மனிதருக்கு. 2006 நவம்பரில் விலகினார். அப்போது அவருக்கு வயது 34.

அவர் இடத்துக்கு வந்தவர் சாம் மொரான். கிரெக்குக்கு முடியாத நாட்களில் மேடையேறிச் சமாளித்துக்கொண்டிருந்த மாற்று ஆள். மஞ்சள் சட்டை அவருக்கு வந்தது. ஐந்து வருடம் உழைத்தார். யூடியூபில் நான் பார்த்த இரண்டாம் ஆண் அவர்தான். நல்ல குரல். ஆனால் அவர் பங்குதாரர் இல்லை, சம்பளக்காரர்.

2010-இல் ஆஸ்திரேலிய அரசு விக்கிள்ஸைக் கௌரவித்து 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' விருது கொடுத்தது. கொடுத்தது ஆன்டனி, மரே, ஜெஃப், கிரெக் நால்வருக்கும். கிரெக் விலகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்றவர் பட்டியலில் இல்லை. ஆரம்பித்தவர்களுக்கு மரியாதை என்பது சரி, நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

2012 ஜனவரியில் கிரெக்குக்கு உடம்பு தேறித் திரும்ப வந்தார். சாம் வெளியேறினார். பெற்றோர்கள் கொதித்தார்கள், பத்திரிகைகள் எழுதின, சாமை இப்படியா அனுப்புவது என்று ஊரே கேட்டது. எனக்கு இதில் ஒரு சொந்தக் கசப்பு உண்டு, மறைப்பானேன். ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நீண்ட விடுப்பில் போனபோது இரண்டு வருடம் மூன்று மாதம் நான் 'பொறுப்பு' பார்த்தேன். அதே நாற்காலி, அதே கையெழுத்து, என் பழைய சம்பளம். அவர் திரும்பி வந்த அன்று காலை பத்து மணிக்கு என் டிபன் டப்பாவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பழைய மேஜைக்குப் போனேன். வந்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருடைய நாற்காலி அது. நோயிலிருந்து எழுந்து வந்தவரிடம் கோபப்படவும் முடியாது. யார் மேலும் கோபப்பட முடியாதபோதுதான் வயிறு அதிகம் எரிகிறது. சாம் பிறகு வேறொரு தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்காகவே சொந்த நிகழ்ச்சி நடத்தினார் என்று படித்தபோது, சம்பந்தமில்லாத எனக்கு ஒரு நிம்மதி.

வேடிக்கை என்னவென்றால், கிரெக் திரும்பி வந்த அதே வருட முடிவில் அவரும் மரேயும் ஜெஃப்பும் மூவருமாக ஓய்வு பெற்றார்கள். நீலச்சட்டை ஆன்டனி மட்டும் நின்றார். அறுபதைத் தாண்டியும் நிற்கிறார். புதிதாகச் சிவப்புக்கு சைமன் பிரைஸ், ஊதாவுக்கு லாக்லன் கில்லஸ்பி, மஞ்சளுக்கு எம்மா வாட்கின்ஸ். எம்மாதான் முதல் பெண் விக்கிள். பத்திரிகைகளில் சந்தேகம். பெற்றோரிடம் முணுமுணுப்பு. மூன்று வயதுக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் அரங்கு நிறைய மஞ்சள் ரிப்பன்கள். அதற்கு முன் ஒரு சின்னப் பெண், நான்கு மாமாக்களைப் பார்த்துக் கைதட்டலாம், அவ்வளவுதான். இப்போது அவளே மஞ்சள் ஆகலாம். 2021-இல் எம்மா விலகியபோது வந்தவர் எத்தியோப்பியாவில் பிறந்த ட்சஹாய் ஹாக்கின்ஸ், வயது 15. என் பேத்தியின் அக்கா எல்லோ. மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடவே கறுத்த எங்கள் பேத்தி, அந்த அக்கா வந்தால் மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் நல்லபடியே நடந்தது என்று எழுதினால் அது வரலாறாக இருக்காது. 2014-இல் இவர்கள் 'பப்படம்' என்று ஒரு பாட்டு போட்டார்கள். ஆமாம், நம் அப்பளத்தின் சகோதரன்தான். இந்திய உடையில் ஆட்டம், அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வது, வேறொன்றும் இல்லை. 2021-இல் யாரோ அதைத் தோண்டியெடுக்க, இந்தியர்களைக் கேலிப் பொருளாக்கலாமா என்று சண்டை வந்தது. ஆன்டனி மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் பூர்வகுடிப் பெண், ஆசிய வம்சாவளிப் பையன் என்று புது முகங்களையும் சேர்த்தார்கள். நான் அந்தப் பப்படப் பாட்டைப் பார்த்தேன். புண்படுத்தும் எண்ணம் தெரியவில்லை, சோம்பேறித்தனம் தெரிந்தது. உருளைக்கிழங்குப் பாட்டுக்கே கட்டுரை எழுதிக் கோப்பில் வைத்தவர்கள், எங்கள் பப்படத்துக்கு அரைப் பக்கமாவது எழுதியிருக்கலாம்.

மருமகளைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிட்னியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வெளியில் எல்லாம் ஆங்கிலம். தொண்ணூறுகளில் அவளும் அவள் தம்பியும் வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்தது இதே விக்கிள்ஸ். அவளைப் பொறுத்தவரை மஞ்சள் என்றால் கிரெக்தான். எம்மா நல்ல பெண்தான், ஆனால் கிரெக்தான் மஞ்சள். ரயிலில் காஸில் ஹில் நிலையத்தைத் தாண்டும்போது ஒரு நாள் ஜன்னலைக் காட்டி, "இங்கதான் மாமா கிரெக் விழுந்தவர்" என்றாள்.

2020 ஜனவரி 17. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்த கோடை. நிவாரண நிதிக்காகப் பழைய நால்வரும் காஸில் ஹில்லில் ஒரு மன்றத்தில் மேடையேறினார்கள். பெரியவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி. அதன் முடிவில் மேடையை விட்டு இறங்கும்போது கிரெக் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 48. கூட இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். பார்வையாளராக வந்திருந்த ஒரு நர்ஸ் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை உசுப்பும் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஓடத் தொடங்கியது. பிழைத்த பிறகு, பொது இடங்களில் அந்தக் கருவியை வைக்கவும் மக்களுக்கு முதலுதவி பழக்கவும் ஓர் அறக்கட்டளை தொடங்கி அதையே வேலையாகச் செய்கிறார். மருமகள் அன்று ராத்திரி முழுதும் செய்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். அப்போது பேத்தி கைக்குழந்தை. மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2022 ஜனவரியில், டிரிபிள் ஜே என்ற இளைஞர் வானொலி வருடாந்திர வாக்கெடுப்பில் சிறந்த பாட்டு எது என்று கேட்டது. லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போடும் போட்டி. முதலிடம் விக்கிள்ஸுக்கு! டேம் இம்பாலா என்ற ராக் குழுவின் யானைப் பாட்டைத் தங்கள் பழச் சாலட் பாட்டோடு கலந்து பாடியது. ஓட்டுப் போட்ட பலர் ஒரு காலத்தில் ஜெஃப்பை எழுப்பியவர்களாக இருப்பார்கள். ஒருவர் எங்கள் மருமகள்.

அந்த வருடமே பழைய நால்வரும், வளர்ந்துவிட்ட பழைய பிள்ளைகளுக்காக, பெரிய அரங்குகளில் ஒரு சுற்று வந்தார்கள். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. மருமகளும் அவள் தம்பியும் மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் பேத்தி அழுத அழுகை இருக்கிறதே! "விக்கிள்ஸ் எனக்குத்தானே, அம்மாவுக்கு ஏன்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பியாஜேயிடம் இருந்திருக்கலாம், அந்தப் பாதியை நான் படிக்கவில்லை. ஐஸ்கிரீம் கொடுத்து, நானும் கிழவியுமாக மூன்று தடவை சிவப்புக் கார் ஓட்டி, ஒன்பது மணிக்குத் தூங்க வைத்தோம்.

பதினோரு மணிக்குமேல் கதவு திறந்தது. உள்ளே வந்தவளுக்குக் குரலே இல்லை. எப்படியம்மா இருந்தது என்று கேட்டேன். "ஜெஃப்பை எழுப்பியே தொண்டை அடைச்சுப் போச்சு, மாமா" என்று கிசுகிசுத்துவிட்டு, சுக்குத் தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.